செய்மதித் தொலைக்காட்சிப் பிணக்குகளும் சந்தாதாரரின் நிலையும்

2018ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் திகதி, அமெரிக்காவின் டிஷ் நெட்வேர்க் செய்மதித் தொலைக்காட்சிச் சேவையிலிருந்து எச்.பி.ஓ., சினிமக்ஸ் ஆகிய இரு சிறப்புக் கட்டண அலைவரிசைகளும் அகன்றன. அவற்றை விநியோகிப்பதற்கான உடன்படிக்கை காலாவதியாகியிருந்தது. புதிய நிபந்தனைகள் தொடர்பில் இரு நிறுவனங்களும் இணக்கம் காணவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தனது வரலாற்றில் விநியோக நிறுவனமொன்றுடனான பிணக்கினால் ஒளிபரப்பு நின்றுபோனது இதுவே முதற்தடவை என எச்.பி.ஓ. தரப்பு அப்போது தெரிவித்தது. அந்தப் பிணக்கு, 2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் வரை, அதாவது ஏறத்தாழ இரண்டே முக்கால் ஆண்டுகள் நீடித்தது.

பொழுதுபோக்கு அலைவரிசை ஒன்று கிடைக்காமற் போவது உலகை உலுக்கும் விடயமல்ல என்று கூறி இதனை ஒதுக்கிவிடலாம். ஆயினும், இப்பிணக்கின் உள்ளே ஒரு முக்கியமான வினா அடங்கியிருக்கின்றது. தொலைக்காட்சி வர்த்தகத்தில் புழங்கும் பணம் முழுவதும் ஈற்றில் பார்வையாளரிடமிருந்தே வருகின்றது. ஆனால், அலைவரிசையை உருவாக்குபவருக்கும் அதனை வீடுகளுக்குக் காவிச் செல்பவருக்கும் இடையில் எழுதப்படும் உடன்படிக்கையில் அந்தப் பார்வையாளர் ஒரு தரப்பினரல்லர். பேச்சுவார்த்தை முறியும்போது முதலில் இழப்பவர் அவரே. அவருடைய நலனைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பதே அந்த வினாவாகும்.

கட்டணத்தின் பாதை

கட்டணத் தொலைக்காட்சியில் மூன்று தரப்புகள் உள்ளன. நிகழ்ச்சிகளைத் தயாரித்தோ கொள்வனவு செய்தோ அலைவரிசையாகத் தொகுக்கும் நிறுவனம் முதலாவது. செய்மதி அல்லது கேபிள் வழியாக அதனை வீடுகளுக்குக் கொண்டுசெல்லும் விநியோக நிறுவனம் இரண்டாவது. மாதாந்தக் கட்டணம் செலுத்தும் சந்தாதாரர் மூன்றாவது. சந்தாதாரர் விநியோக நிறுவனத்துக்குச் செலுத்தும் பணத்தில் ஒரு பகுதி, தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் அலைவரிசை நிறுவனத்தைச் சென்றடைகின்றது.

சாதாரண அலைவரிசைகள் ஒரு தொகுதியாகவே விற்கப்படுகின்றன. அத்தொகுதியைப் பெறும் அனைவருக்காகவும், அவர்கள் குறித்த அலைவரிசையைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், விநியோக நிறுவனம் பணம் செலுத்துகின்றது. விளையாட்டு அலைவரிசையான ஈ.எஸ்.பி.என். இற்காகச் சந்தாதாரர் ஒருவருக்கு மாதமொன்றுக்கு 9 டொலரளவில் செலுத்தப்படுவதாக 2020களின் தொடக்கத்தில் வெளியான துறைசார் மதிப்பீடுகள் கூறின. விளையாட்டையே பார்க்காத குடும்பமும் தன்னையறியாமலே இச்செலவில் பங்கேற்கின்றது.

சிறப்புக் கட்டண அலைவரிசையின் நிலை வேறானது. அதனை விரும்புபவர் மாத்திரமே மேலதிகக் கட்டணம் செலுத்திப் பெறுகிறார். அதில் விளம்பரங்கள் இல்லை. வருமானம் முழுவதும் சந்தாவிலேயே தங்கியிருக்கின்றது. இதனால் பேச்சுவார்த்தையில் எழும் சிக்கலும் வேறானது. எத்தனை பேர் பெறுவார்கள் என்பது நிச்சயமற்றது என்பதால், குறைந்தபட்சம் இத்தனை சந்தாதாரர்களுக்கான பணமாவது தரப்பட வேண்டுமென அலைவரிசை நிறுவனம் உத்தரவாதம் கேட்க முயலும். உண்மையில் பெறுபவர்களுக்கு மட்டுமே செலுத்துவோம் என விநியோக நிறுவனம் கூறும். 2018இல் டிஷ் நிறுவனம் முன்வைத்த பிரதான முறைப்பாடும் இதுவேயாகும்.

கப்டன் மிட்நைட்

எச்.பி.ஓ. 1972 நவம்பர் 8ஆம் திகதி பென்சில்வேனியா மாநிலத்தின் வில்க்ஸ் பாரே நகரில், 365 சந்தாதாரர்களுடன் தனது சேவையை ஆரம்பித்தது. 1975 செப்டெம்பர் 30ஆம் திகதி, முஹம்மத் அலிக்கும் ஜோ ஃபிரேசியருக்கும் இடையில் மணிலாவில் நடைபெற்ற புகழ்பெற்ற குத்துச்சண்டைப் போட்டியைச் செய்மதி வழியாக அது கேபிள் நிலையங்களுக்கு அனுப்பியது. ஒரே நேரத்தில் ஒரு தேசம் முழுவதற்கும் அலைவரிசையொன்றைச் செய்மதி மூலம் வழங்க முடியும் என்பதை அந்நிகழ்வு நிரூபித்தது எனலாம்.

செய்மதியிலிருந்து வரும் சமிக்ஞைக்கு வேலியில்லை. கேபிள் எட்டாத கிராமப்புறங்களில் வாழ்ந்தோர் பெரிய டிஷ் அன்டனாக்களை முற்றத்தில் நாட்டி, கேபிள் நிலையங்களுக்கென அனுப்பப்பட்ட ஒளிபரப்பை இலவசமாகவே பெற்று வந்தனர். 1986 ஜனவரியில் எச்.பி.ஓ. தனது சமிக்ஞையை மறைகுறியாக்கியது. அதனைப் பார்ப்பதற்கு விசேட கருவியொன்றையும் வாங்கி, மாதந்தோறும் 12.95 டொலர் செலுத்த வேண்டியும் ஏற்பட்டது.

அவ்வாண்டு ஏப்ரல் 27ஆம் திகதி நள்ளிரவு கடந்த வேளையில், எச்.பி.ஓ.வில் ஓடிக்கொண்டிருந்த திரைப்படம் மறைந்து, அந்தக் கட்டணத்தை ஏற்க முடியாதெனக் கூறும் வாசகமொன்று சுமார் நான்கரை நிமிடங்கள் திரையில் நின்றது. அனுப்பியவர் தம்மை 'கப்டன் மிட்நைட்' எனக் குறிப்பிட்டிருந்தார். புளோரிடா மாநிலத்தில் டிஷ் அன்டனா விற்பனை செய்துவந்த அவர், செய்மதிக்குச் சமிக்ஞை அனுப்பும் நிலையமொன்றிலும் பணியாற்றினார். மறைகுறியாக்கலினால் தமது வியாபாரம் வீழ்ந்தமையே அவரது கோபத்துக்குக் காரணம். 5,000 டொலர் அபராதமும் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் அவருக்கு விதிக்கப்பட்டன. செய்மதிச் சமிக்ஞையில் குறுக்கிடுவதைப் பாரதூரமான குற்றமாக்கும் சட்டமும் அதே ஆண்டிலேயே நிறைவேறியது.

அச்செயல் சட்டவிரோதமானது என்பதில் ஐயமில்லை. ஆனால், விலை நிர்ணயத்தில் தமது குரலை எங்கே பதிவு செய்வதென அறியாத ஒரு தரப்பின் ஆத்திரத்தை அது வெளிப்படுத்தியது என்பதும் உண்மையே.

1992ஆம் ஆண்டுச் சட்டம்

அமெரிக்கக் காங்கிரஸ் 1992இல் கேபிள் தொலைக்காட்சிப் பாவனையாளர் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அப்போதைய ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் (மூத்தவர்) பயன்படுத்திய வீட்டோ அதிகாரத்தையும் மீறியே அது சட்டமானது. உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையத்தின் ஒளிபரப்பைக் கேபிள் நிறுவனம் எடுத்துக்கொள்வதற்கு அந்நிலையத்தின் சம்மதம் அவசியமென அச்சட்டம் கூறியது. சம்மதத்துக்கு விலை கேட்கும் உரிமை அதனால் பிறந்தது. 1994இல் டைரக்ட் ரி.வி.யும் 1996இல் டிஷ் நெட்வேர்க்கும் சிறிய டிஷ்களுடன் சந்தைக்கு வந்தன. 1999ஆம் ஆண்டுச் சட்டமொன்று உள்ளூர் நிலையங்களையும் செய்மதி வழியே வழங்க இடமளித்தது. கேபிளுக்கு மாற்று வழியொன்று கிடைத்தமை பார்வையாளருக்கு நன்மையே. ஆனால், மாற்று வழி இருப்பதே அலைவரிசை நிறுவனங்களின் கையில் புதிய ஆயுதமுமாகியது. ஒரு விநியோகஸ்தரிடம் அலைவரிசை இல்லாமற் போனால் சந்தாதாரர் மற்றவரிடம் போகலாம் என்ற அச்சமே அந்த ஆயுதம்.

அதன் பின்னர் பிணக்குகள் பெருகின. 2004 மார்ச்சில் வயாகொம் நிறுவனத்தின் அலைவரிசைகள் டிஷ் சேவையில் சுமார் இரு நாட்கள் மறைந்தன. 2012 ஜூலையில் அதே வயாகொம், டைரக்ட் ரி.வி.யின் ஏறத்தாழ 20 மில்லியன் சந்தாதாரர்களுக்கு 26 அலைவரிசைகளைப் பத்து நாட்கள் இழக்கச் செய்தது. 2013 ஓகஸ்டில் சி.பி.எஸ். நிலையங்களும் அதன் சிறப்புக் கட்டண அலைவரிசையான ஷோ டைமும் டைம் வோர்னர் கேபிள் சேவையில் ஒரு மாதம் முடங்கின. நியூயோர்க், லொஸ் ஏஞ்சல்ஸ், டலஸ் முதலிய பெருநகரங்களின் சுமார் 3 மில்லியன் வீடுகள் இதனாற் பாதிக்கப்பட்டன.

இவை யாவற்றிலும் ஓர் ஒழுங்கைக் காணலாம். உடன்படிக்கைகள் காலாவதியாகும் திகதி பெரும்பாலும் பெரிய விளையாட்டுப் பருவத்தை அல்லது புகழ்பெற்ற தொடரொன்றை அண்டியதாக அமைகின்றது. திகதி நெருங்கும்போது இரு தரப்பும் பார்வையாளரைத் தமது பக்கம் இழுக்கின்றன. உங்கள் அலைவரிசையை அவர்கள் பறிக்கப் போகிறார்கள் எனத் திரையின் அடியில் ஓடும் வரிகள் கூறும். உங்கள் கட்டணத்தை உயர்த்த அவர்கள் முயல்கிறார்கள் என மறுதரப்பு விளம்பரம் செய்யும். சி.பி.எஸ். பிணக்கு தேசிய அமெரிக்க உதைபந்தாட்டப் பருவம் ஆரம்பிப்பதற்குச் சில நாட்கள் முன்னதாகவே தீர்ந்தது. அதுவரை பொறுக்க முடிந்த நிறுவனங்களால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

உருவாக்குபவரும் காவுபவரும் ஒருவரானால்

2018ஆம் ஆண்டுப் பிணக்கு முன்னையவற்றிலிருந்து வேறுபடுவதற்குக் காரணம், அதன் பின்னணியில் இருந்த நிறுவன இணைப்பாகும். தொலைத்தொடர்புப் பெருநிறுவனமான ஏ.ரி. அன்ட் ரி., 2015இல் டைரக்ட் ரி.வி.யைக் கொள்வனவு செய்தது. அடுத்த ஆண்டில், எச்.பி.ஓ., சி.என்.என். உள்ளிட்ட அலைவரிசைகளின் உரிமையாளரான டைம் வோர்னரைச் சுமார் 85 பில்லியன் டொலருக்கு வாங்கவிருப்பதாக அறிவித்தது. அதாவது, டிஷ் நிறுவனத்தின் நேரடிப் போட்டியாளரே, டிஷ் விற்கும் அலைவரிசைகளின் உரிமையாளராகவும் ஆகும் நிலை.

அமெரிக்க நீதித் திணைக்களம் 2017 நவம்பரில் இதற்கெதிராக வழக்குத் தொடுத்தது. அதன் வாதம் எளிமையானது. அலைவரிசை ஒன்றைப் போட்டியாளரிடமிருந்து நிறுத்தினால், முன்னர் டைம் வோர்னருக்கு நட்டமே ஏற்படும். இணைப்புக்குப் பின்னரோ, அதனால் வெளியேறும் சந்தாதாரர்களில் ஒரு பகுதியினர் டைரக்ட் ரி.வி.க்கு வருவார்கள். நட்டத்தின் ஒரு பங்கு வேறு வழியாகத் திரும்பி வரும். ஆகவே, நிறுத்திவிடுவோம் என்ற மிரட்டலுக்கு வலு கூடும், விலை ஏறும், சுமை சந்தாதாரர் தலையில் விழும்.

மாவட்ட நீதிபதி ரிச்சர்ட் லியோன் இந்த வாதத்தை ஏற்கவில்லை. 2018 ஜூன் 12ஆம் திகதி எவ்வித நிபந்தனையுமின்றி இணைப்புக்கு அனுமதியளித்தார். டைம் வோர்னரின் டேர்னர் பிரிவு, அதன் அலைவரிசைகள் தொடர்பில் பிணக்கு ஏற்படின் நடுத்தீர்ப்புக்கு உடன்படுவதாகவும், அதுவரை ஏழாண்டு காலத்துக்கு ஒளிபரப்பை நிறுத்துவதில்லை எனவும் விநியோகஸ்தர்களுக்கு வாக்குறுதியளித்திருந்தது. ஆனால், எச்.பி.ஓ. அந்த வாக்குறுதியில் உள்ளடக்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

தீர்ப்பு வெளியாகி ஐந்து மாதங்கள் நிறைவடையும் முன்னரே எச்.பி.ஓ. டிஷ் திரைகளிலிருந்து மறைந்தது. இணைப்பினால் நேருமென முன்கூட்டியே எச்சரித்தது இதனையே என நீதித் திணைக்களம் தெரிவித்தது. எனினும், 2019 பெப்ரவரி 26ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் கீழ் நீதிமன்றத்தின் தீர்ப்பை உறுதி செய்தது.

எச்.பி.ஓ. தரப்பின் நியாயத்தையும் கூறுதல் வேண்டும். டிஷ் நிறுவனம் உண்மையான பேச்சுவார்த்தைக்கு ஒருபோதும் முன்வரவில்லை என அது குற்றஞ்சாட்டியது. டிஷ், பிணக்குகளுக்குப் பெயர்பெற்ற நிறுவனம் என்பதையும் மறுக்க முடியாது. அதே 2018ஆம் ஆண்டு ஜூன் மாத முடிவில், ஸ்பானிய மொழி ஒளிபரப்பாளரான யூனிவிஷனுடனான பேச்சும் முறிந்து, அதன் அலைவரிசைகள் 2019 மார்ச் வரை டிஷ் சேவையில் இடம்பெறவில்லை. ஒன்பது மாதங்களாகத் தமது தாய்மொழியில் செய்தி கேட்கும் பிரதான வாயிலை அந்த வீடுகள் இழந்தன. ஆங்கில அலைவரிசை ஒன்று மறைந்தால் அதற்கு ஈடாகப் பல உண்டு. சிறுபான்மை மொழியொன்றில் அத்தகைய தெரிவு மிகக் குறைவு. ஆகவே, ஒரே விதமான பிணக்கு எல்லாப் பார்வையாளரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

எச்.பி.ஓ. விடயத்திலும் இதுவே நிகழ்ந்தது. நகரவாசி ஒருவர், 2015 முதல் இணையம் வழியாக 14.99 டொலருக்குக் கிடைத்த எச்.பி.ஓ. நவ் சேவைக்கு மாறிக்கொள்ள முடிந்தது. செய்மதித் தொலைக்காட்சியை நம்பியிருந்தவர்களில் கணிசமானோர் வேகமான இணைய வசதி எட்டாத கிராமப்புற மக்கள். 2019 ஏப்ரல், மே மாதங்களில் 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' தொடரின் இறுதிப் பருவத்தை உலகமே பேசிக்கொண்டிருந்தபோது, அவர்களுக்கு மாற்று வழி குறைவாகவே இருந்தது. மாற்று வழி இருந்தவருக்கு அது சிறு அசௌகரியம். இல்லாதவருக்கு அது முழுமையான இழப்பு.

இணைப்பின் முடிவு

இந்த வரலாற்றின் இறுதிக் கட்டம் சிந்தனைக்குரியது. பெரும் எதிர்பார்ப்புடன் உருவாக்கப்பட்ட அந்தக் கூட்டு நிறுவனம் நிலைக்கவில்லை. 2021 பெப்ரவரியில் டைரக்ட் ரி.வி.யைத் தனி நிறுவனமாகப் பிரிக்கும் தீர்மானத்தை ஏ.ரி. அன்ட் ரி. அறிவித்தது, ஓகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சற்று முன்னர், ஜூலையில், எச்.பி.ஓ. மீண்டும் டிஷ் சேவைக்குத் திரும்பியது. 2022 ஏப்ரலில் டைம் வோர்னரின் எஞ்சிய பகுதியும் டிஸ்கவரி நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. நீதிமன்றத்தில் இரண்டு தடவை வென்ற இணைப்பு, சந்தையில் நான்கு ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. அதன் விலையில் ஒரு பகுதியைக் காலக்கெடு தெரியாமற் காத்திருந்த பார்வையாளர் செலுத்தினார்.

இணைய வழிச் சேவைகள் வந்துவிட்டதால் இத்தகைய பிணக்குகள் ஓய்ந்துவிடுமெனச் சிலர் கருதினர். அவ்வாறு நிகழவில்லை. 2023 ஓகஸ்ட் 31 முதல் செப்டெம்பர் 11 வரை டிஸ்னி அலைவரிசைகள் சார்ட்டர் கேபிள் நிறுவனத்தின் 14.7 மில்லியன் சந்தாதாரர்களுக்குக் கிடைக்கவில்லை. 2024 செப்டெம்பரில் டைரக்ட் ரி.வி.யின் 11 மில்லியனுக்கு மேற்பட்ட வாடிக்கையாளர் அதே அலைவரிசைகளை இரு வாரங்களளவில் இழந்தனர். 2025 ஒக்டோபர் 30 முதல் நவம்பர் 14 வரை, இணைய வழியாக மட்டுமே இயங்கும் யூடியூப் ரி.வி.யிலும் டிஸ்னி அலைவரிசைகள் முடங்கின. காவிச் செல்லும் வழி கேபிளிலிருந்து செய்மதிக்கும், செய்மதியிலிருந்து இணையத்துக்கும் மாறிய போதிலும் பிணக்கின் தன்மை மாறவில்லை.

இந்தியாவின் வேறு பாதை

இவ்விடயத்தில் இந்தியா வேறொரு கொள்கையைப் பின்பற்றியது. 2004இல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை வெளியிட்ட விதிகள், அலைவரிசையைக் கேட்கும் விநியோகஸ்தர் எவருக்கும் பாகுபாடின்றி அதனை வழங்க வேண்டுமென ஒளிபரப்பாளரைக் கட்டாயப்படுத்தின. சமிக்ஞையைத் துண்டிப்பதற்கு முன்னர் அறிவித்தல் கொடுக்க வேண்டும். பிணக்குகளை விசாரிக்கத் தனியான தீர்ப்பாயம் உண்டு. 2019 முதல் ஒவ்வொரு அலைவரிசையின் விலையும் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும் என்ற நடைமுறையும் வந்தது.

உருவாக்குபவரும் காவுபவரும் ஒரே கையில் இருப்பதன் விளைவுகளைத் தமிழகம் நன்கறியும். சன் தொலைக்காட்சிக் குழுமமும் சுமங்கலி கேபிள் விஷனும் ஒரே குடும்பத்தின் உடைமைகளாக இருந்தன. 2007இல் கருணாநிதி அரசு, அரசு கேபிள் நிறுவனத்தைத் தோற்றுவித்தமைக்கு அக்குடும்பத்துடன் ஏற்பட்ட அரசியல் முரண்பாடு பின்னணியாக அமைந்தது. செயலிழந்திருந்த அந்நிறுவனத்தை 2011 செப்டெம்பரில் ஜெயலலிதா அரசு மாதம் 70 ரூபா கட்டணத்துடன் மீண்டும் இயக்கியபோது, சன் குழுமத்தின் அலைவரிசைகள் ஆரம்பத்தில் அதில் இடம்பெறவில்லை. மலிவான இணைப்பைப் பெற்ற வீடுகள், தாம் அதிகம் பார்த்த அலைவரிசைகளை இழந்தன.

விதிகள் இருந்தாலும் பிணக்குகள் முற்றாக ஒழிவதில்லை. 2023 பெப்ரவரியில், புதிய விலையை ஏற்றுக் கையெழுத்திடாத கேபிள் நிறுவனங்களுக்கு டிஸ்னி ஸ்டார், ஸீ, சோனி ஆகியன சமிக்ஞையைத் துண்டித்தன. எனினும், சில நாட்களிலேயே அது தீர்வுக்கு வந்தது. விதிகளும் கேள்வி கேட்க ஓர் இடமும் இருந்தமை அதற்குத் துணைபுரிந்தது எனலாம்.

சந்தாதாரருக்கு உரியது

நமது நாட்டிலும் செய்மதி வழித் தொலைக்காட்சி இன்று சாதாரண வீடுகளின் ஓர் அங்கமாகிவிட்டது. இலங்கையில் அனுமதிபெற்ற சேவைகளின் சந்தாதாரர் ஒருபுறமிருக்க, இந்தியச் சேவைகளின் டிஷ்களை முறைசாரா வழியில் பொருத்தி, முகவர்கள் மூலம் மாதந்தோறும் பணம் செலுத்தி வரும் தமிழ் பேசும் குடும்பங்கள் வடக்கு, கிழக்கிலும் மலையகத்திலும் உண்டு. முறையான ஒப்பந்தம் உள்ளவருக்கு முறையிடுவதற்கு ஓர் அலுவலகமாவது இருக்கும். முறைசாரா இணைப்பைக் கொண்டவருக்கு அதுவும் இல்லை.

அமெரிக்க அனுபவத்திலிருந்து பெறக்கூடிய பாடங்கள் மூன்று. முதலாவது, அலைவரிசையொன்று நிறுத்தப்படவிருப்பின் சந்தாதாரருக்கு உரிய காலத்தில் முன்னறிவித்தல் வழங்கப்பட வேண்டும். இரண்டாவது, கிடைக்காத சேவைக்குக் கட்டணம் அறவிடப்படக்கூடாது. தனியாகப் பணம் செலுத்தும் சிறப்பு அலைவரிசை விடயத்தில் இது இலகுவானது. தொகுதியாக விற்கப்படும் அலைவரிசைகளில்தான் சந்தாதாரர் ஏமாற்றப்படுகிறார். முடக்கக் காலத்துக்கான பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்ற யோசனையை அமெரிக்க மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு 2024 ஜனவரியில்தான் முன்வைத்தது என்பது, இவ்விடயம் எவ்வளவு காலம் கவனிக்கப்படாதிருந்தது என்பதைக் காட்டுகின்றது. மூன்றாவது, நடுத்தீர்ப்பு நடைபெறும் காலத்தில் பழைய நிபந்தனைகளின் கீழ் ஒளிபரப்பு தொடர வேண்டும். டேர்னர் அலைவரிசைகளுக்கு அளிக்க முடிந்த அந்த வாக்குறுதியை எச்.பி.ஓ.வுக்கும் அளித்திருந்தால், இரண்டே முக்கால் ஆண்டுகள் வீணாகியிரா.

நிறுவனங்கள் இலாபம் தேடுவது இயல்பு. விலைக்காகப் பேரம் பேசுவதும் அவற்றின் உரிமை. ஆனால், அந்தப் பேரத்தில் பணயமாக வைக்கப்படுவது மூன்றாம் தரப்பினரின் பணமும் பார்வையும் ஆகும். அவ்வாறு வைக்கப்படும்போது அதற்கோர் எல்லையை வகுக்க வேண்டியது அரசினதும் ஒழுங்குபடுத்தும் அமைப்புகளினதும் கடமையாகும். அக்கடமை, திரை இருளடைந்த பின்னரன்றி, உடன்படிக்கைகள் எழுதப்படும் வேளையிலும் நிறுவனங்கள் இணையும் வேளையிலும் நிறைவேற்றப்பட வேண்டும் என்பதே பணம் செலுத்தும் மக்களின் நியாயமான எதிர்பார்ப்பாகும்.